மெனு அண்ணை அனுப்பிய விருந்தாளிகள்

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ணிலிருந்து இலங்கைக்குப் போன வெள்ளைக்காரர்களில் ஒருவர்கூட மெனு அண்ணையின் அனுமதி இல்லாமல் அங்கே ஒரு வாய் சாப்பிட்டதில்லை. இதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் அவரிடம் பயணச்சீட்டு வாங்காதவர்கள். வாங்கியவர்களுக்குத் தெரியும். சீட்டு எழுத அவருக்கு ஐந்து நிமிடம் போதும். இறங்கிய இடத்தில் எங்கே, என்ன, எப்படிச் சாப்பிடவேண்டும் என்று சொல்ல முக்கால் மணி நேரம் வேண்டும். சீட்டைக் கடைசியில்தான் கையில் கொடுப்பார். முதலில் கொடுத்தால் எழுந்து போய்விடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

நகரத்தில் ஓர் ஆர்கேட்டுக்குள், செருப்புத் தைக்கிற கடைக்குப் பக்கத்தில் இருந்தது அவர் வேலை செய்த பயண முகவர் நிலையம். முதலாளி ஒரு கிரேக்கர். லண்டன், ஏதென்ஸ் எல்லாம் அவர் பொறுப்பு. இலங்கை என்று யாராவது வாயெடுத்தால் விரலை நீட்டி மெனு அண்ணையைக் காட்டிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விடுவார்.

நாங்கள் மூன்று பேர் நோபல் பார்க்கில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்தோம். நான் டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். சீனிவாசன் திருச்சிக்காரர், வரைபடம் கீறுகிற வேலை. மூன்றாமவர் மெனு அண்ணை. அந்தப் பெயரை வைத்தது சீனிவாசன்தான். ஒரு காலையில் ஜன்னலைத் திறந்து, “இன்னைக்கு மழை வருமா சார்?” என்று அவரிடம் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். “வந்தா ரசம், வராட்டிச் சொதி” என்று பதில் வந்ததாம். அதற்குப் பிறகு அவருடைய சொந்தப் பெயர் சம்பளத் துண்டில் மட்டும் இருந்தது.

எங்கள் குசினியில் அவர் சமைக்கமாட்டார். மார்க் போடுவார். நான் கஷ்டப்பட்டு, பெட்டியில் வருகிற காய்ந்த தேங்காய்த்துருவலைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து ஒரு பருப்புக்கறி வைத்தால், ஒரு கரண்டி வாயில் வைத்து, கண்ணை மூடி, “முப்பத்தைஞ்சு. பாஸ் மார்க்தான்” என்பார். சீனிவாசனின் சாம்பாருக்கு ஒருமுறை பூச்சியம் போட்டார். அந்தக் கிழமை முழுக்க அவர்கள் இரண்டு பேரும் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து அவரோடு ரயிலில் வீட்டுக்குப் போவதற்காக அந்த ஆர்கேட்டுக்குப் போனேன். அவர் முன்னால் கெவின் என்று ஒருவர், பைப் பொருத்துகிறவர், மனைவியோடு உட்கார்ந்திருந்தார். கதவுக்குள் வர உடம்பைச் சரிக்கவேண்டிய அளவு ஆள். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். மெனு அண்ணை பேசியது ஆங்கிலம்தான். ஆனால் அந்த ஆங்கிலத்துக்குள் ஓடியது சுத்த யாழ்ப்பாணம் என்பதால் அப்படியே எழுதிவிடுகிறேன்.

“கொழும்பிலை இறங்கின உடனை பெரிய ஹோட்டல் சாப்பாட்டைத் தொடப்படாது. உங்களுக்கெண்டு அவன் உறைப்பைக் குறைச்சு, அதோடை ருசியையும் குறைச்சு வைச்சிருப்பான். நேரை பேட்டைக்குப் போங்கோ. சைவக் கடை ஒண்டுக்குள்ளை ஏறுங்கோ. நீங்கள் தோசை சாப்பிடேக்கை பின்னாலை ஒருத்தன் நிண்டு உங்கடை தோசையையே பாத்துக்கொண்டு நிப்பான். பயப்பிடவேண்டாம். அவன் உங்கடை கதிரைக்கு நிக்கிறான். அப்பிடி ஒருத்தரும் நிக்காத கடையெண்டா எழும்பி வாங்கோ.”

“காலிமுகத்திடலிலை பின்னேரத்திலை இறால் வடை. இறால் முழுசா மேலை ஒட்டியிருக்கும், தலையோடை. தலையைப் பிச்சு எறியிற ஆக்களுக்கு நான் திரும்பி வாற ரிக்கெற் எழுதுறேல்லை.”

“மாத்தறைப் பக்கம் போனா எருமைத் தயிர், சட்டியோடை தருவினம். மேலை கித்துள் பாணி ஊத்தவேணும். எவ்வளவு எண்டு கேக்கப்படாது. கை தானா நிக்கும்.”

“றெஸ்ற் ஹவுஸிலை கோழிக்கறி கேளுங்கோ. கேட்ட பிறகுதான் கோழியைப் பிடிக்க ஓடுவினம். அதுக்குள்ளை போய்க் குளத்தைப் பாத்திட்டு வாங்கோ. ரெண்டு குளமெண்டாலும் பாக்கலாம்.”

கெவினின் மனைவி மெல்லிய குரலில் வயிற்றைப் பற்றி ஏதோ கேட்டார்.

“வயிறு ரெண்டு நாள் போகத்தான் செய்யும். அதுக்குத்தானே ஆறு கிழமை லீவு எடுத்தனீங்கள்?”

அப்போது அங்கே அரிசித் தட்டுப்பாடு. கிழமையில் சில நாள்களில் கடைகளில் சோறு விற்கக்கூடாது என்று சட்டம் வந்திருந்தது. அதையும் விளக்கி, அந்த நாள்களில் பாண் ரொட்டி தின்று சமாளிக்கிற வழியையும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். எனக்கே அது புதிதாக இருந்தது.

“யாழ்ப்பாணத்திலை ஒரே ஒரு இடந்தான். சுன்னாகம் சந்தையடியிலை இறங்கி, பெரிய சட்டம்பியார் வீடு எண்டு கேட்டா ஆரும் காட்டுவினம். போர்டு ஒண்டும் இராது. தெருவாசலிலை பச்சைப் படலை. சப்பாத்தைக் கழட்டிக் கையிலை எடுத்துக்கொண்டு, மெல்பேர்ணிலை எல்லாரும் இந்த வீட்டுச் சாப்பாட்டைப் பற்றித்தான் கதைக்கினம் எண்டு சொல்லுங்கோ. ஆர் சொன்னது எண்டு கேட்டா, பொதுவாக் கேள்விப்பட்டனாங்கள் எண்டு சொல்லுங்கோ. என்ரை பேர் வாயிலை வரப்படாது. உள்ளை ஒரு அம்மா சமைப்பா. அவவை மாமி எண்டு கூப்பிடுங்கோ. காசு நீட்டக்கூடாது. ரெண்டாந்தரம் சோறு வாங்கவேணும். அதுதான் பில்.”

ரயிலில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் கேட்டேன்.

“அண்ணை, நானும் அந்தப் பக்கந்தான். சுன்னாகத்திலை அப்பிடியொரு கடை எனக்குத் தெரியாமல் இருக்கேலாது.”

“கடையில்லை.”

“பின்னை?”

அவர் வெளியே பார்த்தார். ஓக்லி நிலையம் தாண்டிய பிறகுதான் திரும்பினார்.

“எங்கடை வீடு.”

மிச்சத்தைத் துண்டு துண்டாகத்தான் சொன்னார். தகப்பன் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், ஊருக்கே பெரிய சட்டம்பியார். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டார். தகப்பனுடைய ஒரே தங்கை, கணவனை இழந்தவர், தன் பெண்பிள்ளையோடு அதே வீட்டுக்கு வந்து இவரை வளர்த்தார். அவர்தான் மாமி. மாமியின் மகளை இவருக்குக் கட்டிவைப்பதென்று வீட்டில் முடிவாயிற்று. இவருக்கு மச்சாளைத் தங்கையாகத்தான் தெரியும். அதைத் தகப்பன் முன்னால் நின்று சொல்ல வாய் வரவில்லை. தாலிக்குப் பொன்னுருக்கு நடக்க முதல்நாள் கொழும்பு ரயிலில் ஏறிவிட்டார். மச்சாள் பிறகு வேறிடத்தில் நன்றாகக் கல்யாணம் கட்டி, பிள்ளை குட்டியோடு திருகோணமலையில் இருக்கிறாள். தகப்பன் மட்டும் இறங்கிவரவில்லை. சமாதானம் பேசப்போன இவரைப் படலையிலேயே மறித்து, “நான் இருக்குமட்டும் இந்தப் படலைக்குள்ளை கால் வைக்காதை” என்றிருக்கிறார். கொழும்பில் ஒரு பயண நிறுவனத்தில் பத்து வருடம் இருந்து, உல்லாசப் பயணிகளோடு தீவெல்லாம் அலைந்து, எல்லாக் கடையிலும் சாப்பிட்டு, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தார். இடையில் வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை.

“அப்ப ஏன் அண்ணை வெள்ளைக்காரரை அங்கை அனுப்பிறியள்?”

“என்னைத்தானே வராதை எண்டவர்? வேறை ஆக்களை வராதை எண்டு சொல்லேல்லையே.”

இதைச் சட்டம் படித்தவரைப் போல மிகவும் நிதானமாகச் சொன்னார்.

திரும்பி வந்தவர்களை அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவார். சமையல் நானும் சீனிவாசனும். விசாரணை அவர். நல்ல கதிரையில் விருந்தாளியை இருத்தி, தான் அதற்கு முன்னால் பழப்பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்துகொள்வார். சிகிரியாவைப் பற்றியோ கடற்கரையைப் பற்றியோ அவர்கள் தொடங்கினால், “அது அங்கையே இருக்கும், ஓடாது. யாழ்ப்பாணத்துக்கு வாங்கோ” என்று இழுத்துவிடுவார்.

கெவின் வந்த ஞாயிறு எனக்கு மறக்காது. மஞ்சளாக ஒரு சூப் இருந்தது என்றார். “சொதி” என்று மெனு அண்ணை எங்கள் பக்கம் திரும்பி மொழிபெயர்த்தார். கறுப்பாக, உப்பாக, பொரித்து ஒன்று இருந்தது என்றார். “மோர்மிளகாய்” என்றார் அண்ணை. பிறகு கெவின் பச்சையாக, நீளமாக ஒரு மரக்கறி இருந்ததென்றும், அதைத் தான் நெடுநேரம் மென்றும் முடியவில்லை என்றும், மரியாதைக்காகக் கடைசியில் விழுங்கிவிட்டதாகவும் சொன்னார்.

சீனிவாசன் பதறிப்போனார். “அய்யய்யோ, முருங்கைக்காயத் தோலோட முழுங்கிட்டாரா?”

“எத்தினை துண்டு?” என்று அண்ணை கேட்டார்.

வைத்ததெல்லாம் என்றார் கெவின். அதைப் பார்த்து அந்த அம்மா முதலில் வாயைப் பொத்தினாராம். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடினாராம். பிறகு சிரிப்புத் தாங்காமல் குசினி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

மெனு அண்ணை பழப்பெட்டியில் அசையாமல் இருந்தார்.

“மாமி சிரிச்சவவோ?”

“சிரித்துச் சிரித்து அழுதுவிட்டார்” என்றார் கெவின்.

அந்தக் கிழமை என் பருப்புக்கு எழுபது மார்க் விழுந்தது. அதில் நான் வழக்கமாகப் போடுகிறதைவிட ஒன்றும் விசேஷமாகப் போடவில்லை.

இப்படியே இரண்டு வருடம் போயிற்று. கிழவர் கண்ணாடியை மாற்றிவிட்டார், கிணற்றடித் தென்னை விழுந்துவிட்டது, மாமிக்கு முழங்கால் நோவு என்பதெல்லாம் சோற்றோடும் கறியோடும் சேர்ந்து அவருக்கு வந்துகொண்டிருந்தது. கிழவர் வந்தவர்களோடு ஆங்கில இலக்கணம் கதைக்கிறார் என்று கேள்விப்பட்டபோது, “அப்ப சுகமாய் இருக்கிறார்” என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அனுப்பவேண்டாத ஆட்களைக்கூட அனுப்பினார். கண்டியோடு திரும்புகிறோம் என்றவர்களிடம் யாழ்ப்பாணம் பார்க்காமல் வந்தால் நாடு பார்த்ததாகக் கணக்கில்லை என்று ஒரே பிடியாய் நின்று ரயில் ஏற்றிவிட்டார்.

பிறகு பெரில் வந்தார். மல்கிரேவில் இருந்த, ஓய்வுபெற்ற தாதி. அறுபது வயதுக்கு மேல், தனியாக ஊர் சுற்றுகிறவர், யாருக்கும் பயப்படாதவர். ஞாயிறு வந்து கதிரையில் உட்காராமல் நின்றுகொண்டே தொடங்கினார்.

“நீ என்னை அனுப்பிவைத்த அந்தச் சாப்பாட்டு வீட்டுக் கிழவர் தன்னைத் தானே கொல்லப் பார்க்கிறார், தெரியுமா?”

நடந்தது இதுதான். பன்னிரண்டு மணிக்கு வருவதாக யாரோ ஒரு பையனிடம் சொல்லியனுப்பிவிட்டு, வழியில் கீரிமலைக் கேணியைக் கண்டதும் பெரில் இறங்கிக் குளித்திருக்கிறார். தண்ணீர் நன்றாக இருந்ததால் நேரம் போனது தெரியவில்லை. சட்டம்பியார் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மூன்று மணி. கிழவர் வாசலில் காத்து நின்றாராம். இலை போட்டு, தன் கையால் பரிமாறிக்கொண்டிருந்தவருக்குக் கை நடுங்கியிருக்கிறது. நெற்றி வியர்த்திருக்கிறது. சோற்றுப் பாத்திரத்தோடு அப்படியே நிலத்தில் சரிந்துவிட்டார். பெரிலுக்கு ஒரு பார்வையிலேயே விளங்கிவிட்டது. சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, குளிசை போடுகிற மனிதர், காலைக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. குசினிக்குள் ஓடி, கையில் அகப்பட்ட பனங்கட்டியை உடைத்து அவர் வாயில் அடக்கியிருக்கிறார்.

“ஏன் சாப்பிடவில்லை என்று ஏசினேன். விருந்தாளி சாப்பிட முதல் வீட்டுக்காரன் சாப்பிடக்கூடாதாம். எப்போதும் அப்படித்தானாம். யார் எத்தனை மணிக்கு வந்தாலும் அவர்கள் கை கழுவிய பிறகுதான் தன் இலையாம். முட்டாள்தனம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.”

மெனு அண்ணைக்கு அந்த வழக்கம் தெரியாமலில்லை. அந்த வீட்டில் பிறந்தவர். ஆனால் வெள்ளைக்காரரை நினைக்கும்போது அவர்கள் சாப்பிடுவதைத்தான் நினைத்தாரே தவிர, அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரு மனிதர் பசியோடு பின்னால் நிற்பார் என்பதை நினைக்கவில்லை. அன்றைக்கு அவர் பெரிலிடம் என்ன கறி என்று கேட்கவே இல்லை.

பெரில் போன பிறகு சொன்னார்: “ரெண்டு வருசமா என்ரை அப்பாவை நான்தான் பட்டினி போட்டிருக்கிறன், தம்பி.”

சீனிவாசன் ஏதோ ஆறுதல் சொல்லப் பார்த்தார். “சார், நீங்க நல்லதுக்குத்தானே...”

“அவர் சீனி வருத்தக்காரர், சீனிவாசன். ஒரு நாளைக்கு இல்லை. ஒவ்வொரு தரமும்.”

அதோடு யாழ்ப்பாணம் நின்றுபோயிற்று. அடுத்து வந்தவர்களிடம் அந்த வீட்டைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. கொஞ்ச நாளில் பேட்டையும் போயிற்று, இறால் வடையும் போயிற்று. எங்கே சாப்பிடலாம் என்று யாராவது கேட்டால், “எங்கையும் சாப்பிடலாம்” என்று சொல்லிச் சீட்டை நீட்டிவிடுவார். கிரேக்க முதலாளி கோப்பியைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, இந்த மனிதனுக்கு என்ன வருத்தம் என்று என்னிடம் தொலைபேசியில் கேட்டார். வீட்டில் அவர் மார்க் போடுவதையும் நிறுத்திவிட்டார். நான் வேண்டுமென்றே பருப்பைக் கரியவிட்டு வைத்துப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தார். சீனிவாசனுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. “இதுக்கு அவரு பூஜ்யமே போடலாம்யா” என்றார்.

“நீங்கள் ஒருக்காப் போட்டு வாங்கோவன், அண்ணை” என்று நான் கேட்காத நாளில்லை.

“அவர் இருக்குமட்டும் வரவேண்டாம் எண்டவர். அவர் இல்லாத காலத்திலை நான் போய் என்ன செய்யிறது? அதுதான் தம்பி என்ரை பிரச்சினை. போனாப் பிழை. போகாட்டி அவரைக் காணாமலே போயிடும்.”

அவருடைய பயம் முழுவதும் அதில் இருந்தது. தகப்பனுக்கு வயது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. வாக்கை எடுக்காமலே அவர் போய்விட்டால் அந்தப் படலை இவருக்கு என்றைக்கும் திறக்காது.

இதற்கிடையில் கெவின் மறுபடியும் இலங்கைக்குப் போனார். மெனு அண்ணை அவருக்கும் “எங்கையும் சாப்பிடலாம்” என்றுதான் சொல்லி அனுப்பினார். ஆனால் கெவினுக்கு வழி தெரியும். திரும்பி வந்த ஞாயிறு கூப்பிடாமலே எங்கள் வீட்டுக்கு வந்து, தானே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கிழவர் உன்மேல் கோபமாக இருக்கிறார்” என்றார்.

“என்னிலையோ? என்னை அவருக்கு எப்பிடித் தெரியும்? நீர் என்ரை பேரைச் சொல்லிப்போட்டீரோ?”

சத்தியமாக இல்லை என்றார் கெவின். அவர்களுக்கு முதல் நாளே தெரியுமாம். முதன்முதலில் போன வெள்ளைக்காரர்கள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, உள்ளே பார்த்து “மாமி” என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஊரில் அந்த அம்மாவை அக்கா என்பார்கள், அன்ரி என்பார்கள், சட்டம்பியாரின் தங்கச்சி என்பார்கள். திருகோணமலை மருமகனை விட்டால், மாமி என்று கூப்பிட உரிமை உள்ளவன் உலகத்தில் ஒருவன்தான். கிழவரே அதைக் கெவினிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். பெயரை ஒளித்து, சொல்லவேண்டிய பொய்யையும் சொல்லிக்கொடுத்து, எல்லாவற்றையும் திட்டம் போட்ட மனிதருக்கு அந்த அம்மாவை வேறெப்படிக் கூப்பிடலாம் என்று மட்டும் தோன்றவே இல்லை.

“மாமி என்ன செய்தவவாம்?” என்று அண்ணை கேட்டார்.

அந்தச் சத்தம் கேட்டதும் குசினிக்குள் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லையாம். வரும்போது இரண்டு கறி கூடுதலாகச் சமைத்துக்கொண்டு வந்தாராம்.

பிறகு கெவின் கிழவர் சொல்லியனுப்பியதைச் சொன்னார். தலைமை ஆசிரியரின் ஆங்கிலம், வார்த்தை பிசகாமல் மனப்பாடம் செய்து வந்திருந்தார். உங்கள் முகவர் இப்போது ஆள் அனுப்புவதில்லை. எங்கள் சாப்பாட்டில் ஏதோ குறை கண்டிருக்கிறார் போலத் தெரிகிறது. இந்த வீட்டில் குறை சொல்கிறவர்கள் இலையில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் முறை.

மெனு அண்ணை பழப்பெட்டியைக் கெவினுக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார்.

“அப்ப, வரச் சொன்னவரோ?”

“வரச் சொல்லவில்லை. குறையை நேரில் சொல்லச் சொன்னார்.”

“ஓம். வரச் சொல்லேல்லை” என்றார் மெனு அண்ணை.

சீனிவாசன் எழுந்துவிட்டார். அவர் அப்படிப் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. “யோவ், பெரிய மனுஷன் வேற எப்படிய்யா கூப்பிடுவாரு? உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு அந்த அம்மா முழங்கால் வலியோட ஊருக்கே சமைச்சுக்கிட்டு இருக்கு. போய்யா.”

மெனு அண்ணை தன் சீட்டைத் தானே எழுதிக்கொண்டார். அங்கே எங்கே சாப்பிடப்போகிறாய் என்று முதலாளி பகிடியாகக் கேட்டதற்குச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாராம். துலமரீன் விமான நிலையத்தில் நானும் சீனிவாசனும் வழியனுப்பினோம். “போட்டு வாறன்” என்றவர் இரண்டு தரம் திரும்பி வந்து அதையே சொன்னார்.

ஒரு மாதம் கழித்து வந்தார். கறுத்திருந்தார், கொஞ்சம் பருத்தும் இருந்தார். குசினியில் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அவராகவே சொன்னார்.

“மத்தியானம் போய்ச் சேந்திட்டன். படலையடியிலை நிண்டன். அப்பா விறாந்தையிலை சாய்மனைக் கதிரையிலை இருக்கிறார். என்னைக் கண்டிட்டார். வா எண்டும் சொல்லேல்லை, போ எண்டும் சொல்லேல்லை. கால் வைக்காதை எண்டது அவர். அவர் அந்தச் சொல்லை எடுக்காமல் நான் எப்பிடி வைக்கிறது? அப்பிடியே நிண்டன். வெய்யில் எண்டா வெய்யில்.”

“அப்பறம்?” என்றார் சீனிவாசன்.

“மாமி வெளியாலை வந்தா. படலைக்கு அந்தப் பக்கம் நிண்டு என்னை மேலையும் கீழையும் பாத்தா. இலை போட்டு எவ்வளவு நேரம் தெரியுமோ எண்டா. விருந்தாளி தெருவிலை நிக்கேக்கை கொப்பர் சாப்பிடமாட்டார், அவருக்குச் சீனி, நிக்கப்போறியோ வரப்போறியோ எண்டு கேட்டா. நான் அப்பாவைப் பாத்தன். கதிரைக் கையைப் பிடிச்சிருந்த அவற்றை கை நடுங்குது. ஓடினன், தம்பி. சப்பாத்தோடை ஓடினன்.”

தகப்பன் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து வந்து, தன் கையால் சோறு போட்டிருக்கிறார். கறிகளை மாமி வைத்திருக்கிறார். இவர் பிசைந்து முதல் வாய் வைத்ததும்தான் தெரிந்ததாம், ஒரு கறியிலும் உப்பில்லை. இவரைப் படலையில் கண்ட பதற்றத்தில் மாமி உப்பையே மறந்துபோனார்.

“அப்பா முன்னாலை நிண்டுகொண்டு கேட்டார், உப்புக் காணுமோ, போதுமோ எண்டு. காணும், எல்லாம் நல்லாயிருக்கு எண்டன். ரெண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டன். நான் கை கழுவின பிறகு அவர் சாப்பிட இருந்தார். ஒரு வாய் வைச்சார். என்னைப் பாத்தார். அவுஸ்திரேலியாவிலை போய்ப் பொய் சொல்லவும் பழகியிட்டியோ எண்டார். அதுதான் அவர் என்னோடை கதைச்ச முதல் கதை.”

“மாமியிட்டை மன்னிப்புக் கேட்டனீங்களோ?” என்றேன்.

“காலைப் பிடிச்சனான். எழும்படா, உனக்குக் கட்டிக் குடுத்திருந்தா என்ரை பிள்ளை ஒவ்வொரு நாளும் கறிக்கு மார்க் வாங்கிக்கொண்டு இருந்திருப்பாள், தப்பினாள் எண்டா.”

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. சீனிவாசன் மூக்கைச் சிந்துவதற்காக எழுந்து வெளியே போனார். நான் மேசைக்கு மேலால் அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆண்கள் மட்டும் இருக்கிற வீடு, அப்படியெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் அன்றைக்கு அந்தக் கையை விட எனக்கு மனம் வரவில்லை.